முள்வேலிக்குள் ரக்பி: 1981-ல் நியூசிலாந்தின் 56 நாட்கள்

1981 ஜூலை 25, சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவில் இன்னும் பொழுது விடியவில்லை. அந்த நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்து ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தங்கள் தேசிய ரக்பி அணியான ஸ்பிரிங்பாக்ஸ், நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் வைகாட்டோ மாகாண அணியுடன் மோதுவதை நேரலையில் பார்க்க வெள்ளையர் குடும்பங்கள் அதிகாலையிலேயே எழுந்து உட்கார்ந்திருந்தன. ஆனால் திரையில் ஆட்டம் வரவில்லை. மைதானத்தின் வேலியைப் பிய்த்து உள்ளே புகுந்த சுமார் முந்நூற்றைம்பது பேர் ஒருவரோடொருவர் கைகோத்து ஆடுகளத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். காவலர்கள் ஒவ்வொருவராக இழுத்துக் கைது செய்தார்கள். ஐம்பது பேரை அகற்றுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. அதற்குள் சிறு விமானம் ஒன்று மைதானத்தை நோக்கி வருவதாகத் தகவல் வந்தது. காவல்துறை ஆணையர் பாப் வால்டன் ஆட்டத்தை ரத்து செய்தார். ஏமாந்த ரசிகர்கள் பாட்டில்களை வீசினார்கள். வெளியே வந்த போராட்டக்காரர்களைத் தெருக்களில் துரத்தி அடித்தார்கள்.

ராபன் தீவுச் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவுக்கு இந்தச் செய்தி எட்டியது. சூரியன் வெளியே வந்தது போல் இருந்ததாகப் பிற்காலத்தில் அவர் சொன்னார்.

ஒரு விளையாட்டு அணியின் வெளிநாட்டுப் பயணம் அந்த அளவுக்கு ஒரு நாட்டைக் கலக்கியது எப்படி? 56 நாட்கள் நீடித்த அந்தப் பயணத்தில் 28 ஊர்களில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் கலந்துகொண்டார்கள்; சுமார் 1500 பேர் மீது வழக்குப் பதிவானது. அன்றைய நியூசிலாந்தின் மக்கள்தொகை முப்பது லட்சத்துக்குச் சற்று மேல்தான். தமிழகத்தில் அதே விகிதத்தில் மக்கள் தெருவுக்கு வந்தால் எத்தனை லட்சம் பேர் என்று எண்ணிப் பார்த்தால் அதன் அளவு புரியும்.

பயணத்தை ஆதரித்தவர்கள் சொன்னது ஒரே வாதம்: விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள். நியூசிலாந்து ரக்பி சங்கத் தலைவர் செஸ் பிளேஸி அதைச் சொன்னார். பிரதமர் ராபர்ட் மல்டூன் சொன்னார். சனிக்கிழமை ஆட்டத்துக்காக வாரம் முழுவதும் காத்திருந்த லட்சக்கணக்கான எளிய மனிதர்களும் சொன்னார்கள். கடைசியாகச் சொன்னவர்கள் அதை மனமார நம்பினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வரலாறு அந்த வாதத்துக்கு நேர் எதிராக நிற்கிறது. நியூசிலாந்து ரக்பிக்குள் நிறவெறி அரசியலைக் கொண்டுவந்தவர்கள் 1981-ன் போராட்டக்காரர்கள் அல்ல. அதை அறுபது ஆண்டுகளாக வளர்த்து வந்தது ரக்பி நிர்வாகம்தான். அதற்கு விலையாகக் கொடுத்தது தன் சொந்தப் பூர்வகுடிகளான மாவோரி வீரர்களை.

ஸ்பிரிங்பாக்ஸ் முதன்முதலில் நியூசிலாந்து வந்தது 1921-ல். அந்தப் பயணத்தில் நேப்பியர் நகரில் மாவோரி அணியோடு ஓர் ஆட்டம் இருந்தது. தென்னாப்பிரிக்கர்கள் 9-8 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தார்கள். அணியோடு வந்திருந்த ஒரு தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் ஆட்டம் முடிந்ததும் தன் நாட்டுக்குத் தந்தி அடித்தார். மாவோரிகளோடு ஆட வேண்டியிருந்ததே போதாதென்று, ஆயிரக்கணக்கான வெள்ளையர்கள் தங்கள் இனத்தவரைத் தோற்கடிக்கச் சொல்லி நிறத்தவருக்கு உற்சாகக் குரல் கொடுத்ததைக் கண்டு வீரர்கள் அருவருப்படைந்தார்கள் என்பது அதன் சாரம். தந்தி அலுவலகத்திலிருந்து செய்தி கசிந்து உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியானது. நியூசிலாந்தில் கோபம் கிளம்பியது உண்மை. ஆனால் அந்தக் கோபம் ரக்பி சங்கத்தின் முடிவுகளுக்குள் நுழையவே இல்லை.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1928-ல், நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணி முதன்முறையாகத் தென்னாப்பிரிக்கா சென்றபோது மாவோரிகள் ஒதுக்கப்பட்டார்கள். ஒதுக்கப்பட்டவர்களில் ஜார்ஜ் நெப்பியாவும் ஒருவர். 1924-25-ல் பிரிட்டன், பிரான்ஸ் பயணத்தில் எல்லா ஆட்டங்களையும் வென்று திரும்பிய அணியில், ஓர் ஆட்டம்கூட விடாமல் கடைசித் தடுப்பு வீரராக நின்றவர் அவர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. இரு நாடுகளிலும் அந்த இடத்துக்கு அவரைவிடச் சிறந்தவர் இல்லை என்பது அன்றைக்கே பலரும் அறிந்தது. தகுதியைப் பார்த்து ஆளை எடுப்பதுதான் விளையாட்டு என்றால், அந்த விதியை 1928-ல் மீறியவர்கள் யார்?

1949-லும் மாவோரிகள் இல்லாமலே அணி போனது. நான்கு டெஸ்டுகளிலும் தோற்றுத் திரும்பியது. 1960-ல், தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் 69 கறுப்பினத்தவர் சுட்டுக் கொல்லப்பட்ட சில வாரங்களிலேயே, மறுபடியும் அப்படியே புறப்பட்டது. மாவோரிகள் இல்லையென்றால் பயணமும் வேண்டாம் என்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டிருந்தார்கள். தொழிற்கட்சிப் பிரதமர் வால்டர் நாஷ் தலையிட மறுத்தார். 1965-ல் தென்னாப்பிரிக்கப் பிரதமர் வெர்வூர்ட், மாவோரிகள் இடம்பெற்ற அணியைத் தம் நாடு ஏற்காது என்று வெளிப்படையாகவே பேசிய பிறகுதான் ரக்பி சங்கத்துக்கு வேறு வழியில்லாமல் போனது. 1967-ல் போகவிருந்த பயணம் கைவிடப்பட்டது. 1970-ல் ஒரு சமரசம் வந்தது. சிட் கோயிங் போன்ற மாவோரி வீரர்களும், சமோவா வம்சாவளியைச் சேர்ந்த பிரையன் வில்லியம்ஸும் ‘கௌரவ வெள்ளையர்’ என்ற தகுதியில் தென்னாப்பிரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்டார்கள். விலக்கி வைத்ததைவிட இந்தச் சலுகை இழிவானது என்பது என் எண்ணம். விலக்கியபோது அநீதி வெளியே தெரிந்தது. இங்கேயோ அவமதிப்பையே அழைப்பிதழாக எழுதிக் கொடுத்தார்கள். நியூசிலாந்து நிர்வாகம் அதை வெற்றி என்று கொண்டாடியது.

இவ்வளவும் எதற்காக? ரக்பி தெரியாத நம் வாசகர்களுக்கு அந்தப் போட்டியின் எடையைச் சொல்ல வேண்டும். அன்றைய நியூசிலாந்தால் உலகில் யாரையும் வெல்ல முடிந்தது. தென்னாப்பிரிக்காவை மட்டும் எளிதில் வெல்ல முடியவில்லை. 1937-ல் ஸ்பிரிங்பாக்ஸ் நியூசிலாந்துக்கே வந்து தொடரைத் தட்டிச் சென்றார்கள். ஆல் பிளாக்ஸ் அவர்களிடம் முதல் தொடரை வென்றது 1956-ல், அதுவும் சொந்த மண்ணில். தென்னாப்பிரிக்க மண்ணில் தொடரை வெல்ல 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொருபுறம், தென்னாப்பிரிக்காவின் வெள்ளை ஆப்பிரிக்கானர் சமூகத்துக்கு ரக்பி தேசிய மானத்தின் அடையாளம். உலகம் ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டு வந்தபோது, நியூசிலாந்தோடு ஆடும் ஆட்டம் ஒன்றுதான் தாங்கள் இன்னும் தனிமைப்படவில்லை என்ற நம்பிக்கையை அவர்களுக்குக் கொடுத்தது. அதனால்தான் அந்தக் கதவையும் மூட வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் கறுப்பின மக்களுடைய தலைவர்கள் விடாமல் கேட்டார்கள்.

1973-ல் பிரதமர் நார்மன் கர்க் அந்தக் கதவை ஒருமுறை மூடினார். பயணத்தில் தலையிட மாட்டேன் என்று தேர்தலின்போது சொன்னவர்தான். ஆனால் அந்த ஆண்டு ஸ்பிரிங்பாக்ஸ் வந்தால் நாடு இதுவரை காணாத வன்முறை வெடிக்கும் என்று காவல்துறை அறிக்கை கொடுத்தது. மறு ஆண்டு கிறைஸ்ட்சர்ச்சில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடக்கவிருந்தன. கர்க் பயணத்தைத் தடுத்தார். 1975 தேர்தலில் மல்டூன் அதையே ஆயுதமாக எடுத்து வென்றார். அதன் பலன் விரைவில் வந்தது. 1976 ஜூன் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோவில் கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த சில வாரங்களில் ஆல் பிளாக்ஸ் தென்னாப்பிரிக்காவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். நியூசிலாந்து கலந்துகொள்ளும் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் தாங்கள் கலந்துகொள்ள முடியாது என்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகள், வெளியேறின. நான்கு ஆண்டுகள் உழைத்த எத்தனையோ ஆப்பிரிக்க ஓட்டப்பந்தய வீரர்களின் வாய்ப்பு அன்று பறிபோனது. அரசியலற்றது என்று சொல்லப்பட்ட ஒரு ரக்பி பயணத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

1977-ல் ஸ்காட்லாந்தின் க்ளென்ஈகிள்ஸில் காமன்வெல்த் தலைவர்கள், நிறவெறி நாட்டோடு விளையாட்டு உறவை ஊக்குவிப்பதில்லை என்று உடன்பாடு செய்துகொண்டார்கள். மல்டூனும் அதில் உறுதி தந்தார். ஆனால் 1981-ல் ரக்பி சங்கத்தின் அழைப்பை அவர் தடுக்கவில்லை. வெளியுறவு அமைச்சர் பிரையன் டால்பாய்ஸ் சங்கத்தை வற்புறுத்திப் பார்த்தார். மல்டூன் ஜூலையில் தொலைக்காட்சியில் தோன்றிச் சங்கம் நன்றாக யோசிக்க வேண்டும் என்றார். அதே பேச்சில், உலகப் போரில் இரு நாட்டு வீரர்களும் அருகருகே புதைக்கப்பட்டிருப்பதையும் நினைவூட்டினார். அது தடை அல்ல, மறைமுகமான தலையசைப்பு என்றே நாடு புரிந்துகொண்டது. ஆஸ்திரேலியாவில் மால்கம் ஃபிரேசர் அரசு ஸ்பிரிங்பாக்ஸ் விமானம் தன் மண்ணில் இறங்கக்கூட அனுமதிக்கவில்லை. அணி அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஆக்லாந்து வந்து சேர்ந்தது. இந்தப் பயணத்தின் காரணமாக, ஆக்லாந்தில் நடக்கவிருந்த காமன்வெல்த் நிதியமைச்சர்கள் கூட்டம் பஹாமாஸுக்கு மாற்றப்பட்டது.

ஜூலை 22-ல் கிஸ்பர்னில் முதல் ஆட்டம். மூன்று நாள் கழித்து ஹாமில்டன். ஜூலை 29-ல் வெலிங்டன் மோல்ஸ்வொர்த் தெருவில், தென்னாப்பிரிக்கத் துணைத் தூதரின் இல்லத்தை நோக்கிப் போன ஊர்வலத்தின் மீது காவலர்கள் தடியடி நடத்தினார்கள். தலை பிளந்து ரத்தம் வழியும் முகங்களை நாடு பார்த்தது. அதன்பிறகு மோட்டார் சைக்கிள் தலைக்கவசமும் உடம்பைச் சுற்றிக் கட்டிய மெத்தைத் துண்டுகளும் ஆசிரியர்கள், பாதிரியார்கள், இல்லத்தரசிகள் எல்லோருக்கும் போராட்ட உடை ஆயின. நீண்ட தடிகள் ஏந்திய ‘சிவப்புப் படை’, ‘நீலப் படை’ என்ற காவல் பிரிவுகள் அணியோடு ஊர் ஊராகப் போயின. ஆடுகளங்களைச் சுற்றி முள்வேலி சுருள்சுருளாக விரிந்தது. குடும்பங்களுக்குள் பேச்சு நின்றது. தந்தை ஆட்டத்துக்குப் போக, மகள் வாசலில் பதாகை ஏந்தி நிற்பது வழக்கமாயிற்று. பயண எதிர்ப்பு இயக்கமான ஹார்ட் அமைப்பின் ஜான் மின்டோ நாட்டில் மிக அதிகமாகப் போற்றப்பட்ட பெயராகவும் மிக அதிகமாக வெறுக்கப்பட்ட பெயராகவும் ஒரே நேரத்தில் இருந்தார்.

அணிக்குள்ளிருந்தும் மறுப்பு வந்தது. ஆல் பிளாக்ஸ் தலைவர் கிரஹாம் மௌரி, தாரனாக்கி பகுதி விவசாயி, ஸ்பிரிங்பாக்ஸை எதிர்த்து ஆட மாட்டேன் என்றார். புரூஸ் ராபர்ட்சனும் விலகினார். ஒரு ரக்பி வீரனின் வாழ்வில் அதைவிடப் பெரிய தொடர் கிடையாது; அதுவும் சொந்த மண்ணில், தலைவராக. மௌரி அதை உதறிய விதத்தில் ஆரவாரம் எதுவும் இல்லை. தொடர் முடிந்த பிறகு அவரே திரும்பவும் அணித் தலைவரானார். நம் காலத்து விளையாட்டு நட்சத்திரங்கள் ஒரு அநியாயத்தைப் பற்றி ஒரு வரி பேசக்கூட விளம்பர ஒப்பந்தத்தை எண்ணித் தயங்கும்போது, மௌரியின் பெயரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

எதிர்ப்பக்கத்தில் எரல் டோபியாஸின் நிலை இதைவிடச் சிக்கலானது. ஸ்பிரிங்பாக் சட்டை அணிந்த முதல் வெள்ளையரல்லாத வீரர் அவர். 1981 மே மாதம் அயர்லாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடிவிட்டு நியூசிலாந்துக்கும் வந்திருந்தார். பாருங்கள், எங்கள் அணி கலப்பு அணிதானே என்று தென்னாப்பிரிக்க நிர்வாகம் அவரை முன்னிறுத்தியது. ஹசன் ஹோவா போன்ற இனபேதமற்ற விளையாட்டு இயக்கத் தலைவர்கள், இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்று வாதிட்டவர்கள், அதை வெறும் முகமூடி என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. ஒரு மனிதன் மைதானத்தில் வெள்ளையரோடு ஓடலாம், ஆட்டம் முடிந்ததும் ஒதுக்கப்பட்ட குடியிருப்புக்குத்தான் திரும்ப வேண்டும், வாக்குரிமை கிடையாது என்றால் அது சமத்துவம் ஆகாது. ஆனாலும் டோபியாஸ் திறமையால் அந்த இடத்துக்கு வந்தவர். தன் தலைமுறைக்குக் கிடைத்த ஒரே கதவை அவர் தட்டினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரைக் கேடயமாக்கியவர்கள்தான் குற்றவாளிகள்.

இதற்கு நிகரான இன்னொரு முகம் நியூசிலாந்து அரசிலேயே இருந்தது. அன்றைய காவல்துறை அமைச்சர் பென் கவுச் மாவோரி இனத்தவர். முன்னாள் ஆல் பிளாக்ஸ் வீரர். 1949-ல் தென்னாப்பிரிக்கா போன அணியில் இனத்தின் காரணமாக இடம் கிடைக்காதவர்களில் அவரும் ஒருவர். அவரே 1981-ல் பயணத்தை ஆதரித்தார். மாவோரிகள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று நினைப்பது தவறு. மாவோரி கிராமங்களில் ரக்பி ஒரு வாழ்க்கைமுறை. ஆகஸ்ட் 25-ல் அதே நேப்பியரில் மாவோரி அணி ஸ்பிரிங்பாக்ஸோடு மோதி 12-12 எனச் சமன் செய்தது. அன்று அந்த அணிக்காக ஆடியவர்களுக்கு அது பெருமை. வெளியே நின்ற மாவோரிகளுக்கு வேதனை.

அந்த வெளியே நின்றவர்கள்தான் போராட்டத்தின் திசையை மாற்றினார்கள். எங்கோ இருக்கும் சோவெட்டோவுக்காகத் தெருவுக்கு வரும் நீங்கள், இங்கே எங்கள் நிலம் பறிக்கப்பட்டபோது எங்கே இருந்தீர்கள் என்று அவர்கள் வெள்ளைத் தோழர்களைக் கேட்டார்கள். கேள்வி கூர்மையானது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1978 மே மாதம், ஆக்லாந்தின் பாஸ்டியன் பாயின்ட்டில் தங்கள் பூர்வீக நிலத்தில் ஐந்நூறு நாட்களுக்கும் மேலாக அமர்ந்திருந்த மாவோரிகளை அரசு காவல்துறையையும் ராணுவத்தையும் கொண்டு அப்புறப்படுத்தியிருந்தது. அப்போது தெருவுக்கு வராதவர்களில் பலர் 1981-ல் தடியடி வாங்கினார்கள். வாங்கிய பிறகு கேள்வி காதில் விழுந்தது. மாவோரி உரிமை இயக்கம் அடுத்த சில ஆண்டுகளில் பெற்ற வேகத்துக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் நிறவெறியை வெளிநாட்டு நோயாக மட்டும் பார்க்கும் பழக்கம் அந்தக் குளிர்காலத்தில் உடைந்தது. 1985-ல் வைதாங்கி தீர்ப்பாயத்துக்கு 1840 வரை பின்னோக்கிச் சென்று மாவோரிகளின் நிலக் குறைகளை விசாரிக்கும் அதிகாரம் கிடைத்தது. மெராட்டா மீட்டா என்ற மாவோரிப் பெண் இயக்குநர் 1983-ல் வெளியிட்ட ‘பட்டு!’ ஆவணப்படம், 56 நாட்களையும் இந்தக் கோணத்திலிருந்தே பதிவு செய்தது.

ஆட்டங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிறைஸ்ட்சர்ச்சில் நியூசிலாந்து 14-9. வெலிங்டனில் தென்னாப்பிரிக்கா 24-12. செப்டம்பர் 12-ல் ஆக்லாந்து ஈடன் பார்க்கில் கடைசி டெஸ்ட். நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே நாளில்தான் தென்னாப்பிரிக்கக் கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பிகோ காவலில் இறந்திருந்தார். வெளியே திரண்ட அணிகளில் ஒன்றுக்குப் ‘பிகோ படை’ என்று பெயர். ஒரு சிறிய செஸ்னா விமானம் மைதானத்துக்கு மேல் தாழப் பறந்து பறந்து மாவுப் பொட்டலங்களை வீசியது. அதில் ஒன்று ஆல் பிளாக்ஸ் வீரர் கேரி நைட்டைக் கீழே சாய்த்தது. ஆட்டம் நிற்கவில்லை. ஸ்பிரிங்பாக்ஸின் ரே மோர்ட் மூன்றாவது டிரை அடித்து 22-22 ஆக்கினார். வெற்றிக்கான உதையை நாஸ் போத்தா தவறவிட்டார். கூடுதல் நேரத்தில் கிடைத்த பெனால்டியை ஆலன் ஹியூசன் உதைக்க, 25-22. தொடர் நியூசிலாந்துக்கு. ரக்பி வரலாற்றின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றாக அது இருந்திருக்க வேண்டும். இன்று அந்த ஆட்டத்தை நினைவுகூர்பவர்களுக்கு முதலில் வருவது மாவுதான். ஸ்பிரிங்பாக்ஸ் திரும்பும் வழியில் நியூயார்க் மாநிலத்தில் அமெரிக்க அணியோடு ஒரு டெஸ்ட் ஆடினார்கள். எதிர்ப்புக்குப் பயந்து இடத்தை ரகசியமாக வைத்ததால் ஒரு போலோ மைதானத்தில் ஏறத்தாழ முப்பது பேர் முன்னிலையில் அது நடந்தது.

நம் பக்கமும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1974-ல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அணியின் முதுகெலும்பு சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள். எதிரணி தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அன்றைய வடிவில் இருந்த இந்திய அணிக்குக் கோப்பையை வெல்லும் வாய்ப்பு நிஜமாகவே இருந்தது. டர்பனில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சாம் ராம்சாமி, லண்டனில் இருந்தபடி தென்னாப்பிரிக்க விளையாட்டுப் புறக்கணிப்பு இயக்கத்தை வழிநடத்தினார். புறக்கணிப்பின் சுமை முதலில் விழுவது விளையாட்டு வீரர்களின் தோள்களில் என்பது உண்மை. அதை அறிந்தே இந்தியா அந்த முடிவை எடுத்தது. நியூசிலாந்து எடுக்கத் தயங்கியது.

மல்டூன் கணக்கில் தவறவில்லை. 1981 நவம்பர் தேர்தலில் தொழிற்கட்சிக்கு அவர் கட்சியைவிட வாக்குகள் சற்று அதிகம்; ஆனால் ரக்பி உயிராக இருந்த சிறு நகரத் தொகுதிகள் கைகொடுக்க, 92 இடங்களில் 47 பெற்று மயிரிழையில் ஆட்சியைத் தக்கவைத்தார். ரக்பி சங்கமும் பாடம் கற்கவில்லை. 1985-ல் மறுபடி தென்னாப்பிரிக்காவுக்கு அணியை அனுப்ப முடிவெடுத்தது. ரக்பியை வளர்ப்பதே சங்கத்தின் நோக்கம் என்று அதன் சொந்த விதிகள் சொல்கின்றன, இந்தப் பயணம் ரக்பியைக் கெடுக்கும் என்று வழக்கறிஞர்கள் இருவர் உயர் நீதிமன்றம் போனார்கள். இடைக்காலத் தடை வந்தது. அடுத்த ஆண்டு பெரும்பாலான வீரர்கள் ‘கவலியர்ஸ்’ என்ற பெயரில் சங்கத்தின் அனுமதி இல்லாமல் தென்னாப்பிரிக்கா போய் ஆடினார்கள். போக மறுத்த டேவிட் கர்க்தான் 1987-ல் முதல் உலகக் கோப்பையை ஆல் பிளாக்ஸ் தலைவராகக் கையில் ஏந்தினார். அந்தப் போட்டிக்குத் தென்னாப்பிரிக்கா அழைக்கப்படவில்லை.

1928 முதல் 1960 வரை தென்னாப்பிரிக்கப் பயணங்களிலிருந்து விலக்கப்பட்ட மாவோரி வீரர்களிடம் நியூசிலாந்து ரக்பி சங்கம் 2010 மே மாதம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. தென்னாப்பிரிக்க ரக்பி அமைப்பும் கேட்டது. ஜார்ஜ் நெப்பியா 1986-லேயே இறந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டது சரியான செயல்தான். ஆனால் அதைக் கேட்டிருக்க வேண்டிய நாள், 1981-ல் அழைப்புக் கடிதத்தை அனுப்பியதற்கு முந்தைய நாள்.